உங்கள் பீக்கரில் எங்கள் தண்ணீரையும் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள்

பெங்களூர் ஆய்வுக்கூடங்களில் கிராஃபீனை வைத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்யப் பாடுபடும் தமிழ் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். வர்த்தூர் பக்கம் சில அபார்ட்மெண்ட்களின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை, அதாவது எஸ்டிபிகளை, மேற்பார்வை பார்ப்பது என் வேலை. படித்தது வேதியியல், பிழைப்பு சாக்கடையில். உங்களில் நிறைய பேர் மதுரையிலும் திருச்சியிலும் காரைக்குடியிலும் எம்எஸ்சி முடித்துவிட்டு ஆராய்ச்சிக்காக இந்த ஊருக்கு வந்தவர்கள். அந்தத் தைரியத்தில்தான் தமிழில் எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். கிராஃபீன் கொண்டு கரிம மாசுகளை நீக்கும் உங்கள் சோதனைகளில், சாயம் கரைத்த காய்ச்சி வடித்த நீருக்குப் பக்கத்திலேயே எங்கள் நிலையத்துத் தண்ணீரையும் வைத்துப் பாருங்கள். முடிவு நன்றாக வந்தாலும் சரி, கேவலமாக வந்தாலும் சரி, அதே கட்டுரையில் போடுங்கள்.

இதை எழுதத் தூண்டியவர் ஒரு விற்பனைப் பிரதிநிதி. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு வந்தார். மேஜைமேல் கண்ணாடிக் குவளையில் நீலத் தண்ணீரை வைத்தார், கிராஃபீன் கலந்த கறுப்புப் பொடி ஒரு கரண்டி போட்டுக் கலக்கினார், குவளைக்கு வெளியே காந்தத்தை வைத்துப் பொடியை ஓரமாக இழுத்தார். நீலம் போயே போய்விட்டது. செயலாளர் கைதட்டாத குறை. நான் கீழே போய், கார்பன் ஃபில்டருக்குள் நுழையும் குழாயிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வந்து, "இதுல போட்டுக் காட்டுங்க சார்" என்றேன். "அது லேப்ல பண்ணித்தான் சார் சொல்லணும்" என்று சொல்லிப் பையைக் கட்டினார். அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அவர் காட்டிய வரைபடங்கள் எல்லாம் ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து எடுத்தவை. அவற்றிலும் இதே நீலத் தண்ணீர்தான்.

சங்கத்துக்காரர்களும் இந்த மடலைப் படிக்கக்கூடும் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையே இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். கிராஃபீன் என்பது ஒரே ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள். 2004-ல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் ஒட்டும் டேப்பைக் கொண்டு கிராஃபைட்டிலிருந்து உரித்து அதைத் தனியே பிரித்துக் காட்டினார்கள். 2010-ல் அவர்களுக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. ஒரு கிராம் கிராஃபீனின் பரப்பு, ஏட்டுக் கணக்கில் 2630 சதுர மீட்டர். பெங்களூர்க் கணக்கில் சொன்னால், 30-க்கு 40 அடி வீட்டுமனை, அதாவது சைட், இருபத்துமூன்றுக்கு மேல். மாசு மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ள இவ்வளவு இடம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் நல்ல தேங்காய்த்தொட்டிக் கரியில் செய்த ஆக்டிவேட்டட் கார்பனே கிராமுக்கு 1000 சதுர மீட்டர், அதாவது ஒன்பது சைட், தருகிறது. கிராஃபீன் தாள்களோ காயும்போது ஒன்றன்மேல் ஒன்று அப்பிக்கொள்கின்றன. அளந்து பார்த்தால் பல மாதிரிகளில் சில நூறு சதுர மீட்டர்தான் தேறுகிறது. இது நான் கண்டுபிடித்த ரகசியம் இல்லை. உங்கள் கட்டுரைகளின் பின்னிணைப்பில் நீங்களே போடுகிற எண். முன்னுரையில் 2630 இருக்கும், பின்னிணைப்பில் முந்நூற்றுச் சொச்சம் இருக்கும்.

சரி, நீலத்துக்கு வருவோம். அந்த மெத்திலீன் நீலச் சாயத்தை நீங்கள் ஏன் விரும்புகிறீர்கள் என்று புரிகிறது. விலை குறைவு. கண்ணுக்குத் தெரியும். 664 நானோமீட்டரில் வைத்து நிறமாலைமானியில் ஐந்து நிமிடத்தில் அளந்துவிடலாம். மாணவருக்கு மூன்று வருடத்தில் பட்டம் வாங்க வேண்டும், அதுவும் நியாயம்தான். ஆனால் அந்தச் சாயம் நேர்மின் சுமை கொண்டது. ஆக்ஸிஜன் ஏற்றிய கிராஃபீனான கிராஃபீன் ஆக்சைடோ ஓரமெல்லாம் கார்பாக்சில் தொகுதிகளை வைத்துக்கொண்டு தண்ணீரில் எதிர்மின் சுமையோடு நிற்கிறது. போதாததற்குச் சாயத்தின் வளையங்கள் தட்டையானவை, தாள்மேல் படுத்துக்கொள்ளத் தோதாக இருக்கின்றன. இது கேள்வித்தாளை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுவது மாதிரி. 98 சதவீதம் வராவிட்டால்தான் ஆச்சரியம். அதே பொடியில் எதிர்மின் சுமையுள்ள மெத்தில் ஆரஞ்சுச் சாயத்தைப் போட்டால் கதை மாறிவிடுகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

இன்னொன்று. டைட்டானியம் டை ஆக்சைடைக் கிராஃபீனோடு சேர்த்து, வெளிச்சத்தில் வைத்து மாசைச் சிதைக்கிறவர்களுக்கு இது. நிறம் போவதும் மாசு போவதும் ஒன்றல்ல. மெத்திலீன் நீலம் எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டு நிறமற்ற லியூகோ வடிவத்துக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். காற்றுப் பட்டால் மறுபடி நீலமாகும். ஆகவே தயவுசெய்து மொத்தக் கரிமக் கார்பனை அளந்து போடுங்கள். வெறும் உட்கவர் வளைகோட்டை மட்டும் காட்டி "சிதைத்தோம்" என்று எழுதாதீர்கள்.

இப்போது எங்கள் தண்ணீர். பெங்களூர் அபார்ட்மெண்டில் குழாயில் வருவது காவிரியும் போர்வெல்லும் டேங்கரும் கலந்த கலவை. 2024 கோடையில் பாதி ஊர் டேங்கரை நம்பித்தான் குளித்தது. போர்வெல் தண்ணீர் கடினம், கால்சியமும் மக்னீசியமும் நிறைய. இந்த இரண்டு அயனிகளும் கிராஃபீன் ஆக்சைடு தாள்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரளவைக்கும். சோடியத்தைக் காட்டிலும் மிகக் குறைந்த அளவிலேயே இதைச் செய்யும். திரண்டால் பரப்பு போச்சு.

ஆனால் அதே தண்ணீரில் சோப்புத்தூளும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாஷிங் மெஷின்கள் ஓடியிருக்கும். திங்கள் காலை ஏரேஷன் டேங்க், அதாவது காற்றூதிப் பாக்டீரியாவை வேலை வாங்கும் தொட்டி, பக்கம் போனால் வெள்ளை நுரை விளிம்பைத் தாண்டிக் கைப்பிடிக் கம்பி வரைக்கும் ஏறி நிற்கும். பழுப்பு நுரை என்றால் ஸ்லட்ஜ், அதாவது பாக்டீரியாச் சேறு, முற்றிவிட்டது என்று பொருள், வெள்ளை என்றால் சோப்பு. ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்து அடக்குவோம், அடங்காவிட்டால் நுரையடக்கும் டீஃபோமர் ஊற்றுவோம். அந்தச் சோப்பின் முக்கியச் சரக்கு நேரியல் அல்கைல் பென்சீன் சல்ஃபோனேட். நீங்கள் ஆய்வுக்கூடத்தில் கிராஃபீனைத் தண்ணீரில் படியாமல் மிதக்கவைக்க எதைப் போடுகிறீர்கள்? சோடியம் டோடெசைல் பென்சீன் சல்ஃபோனேட். இரண்டும் ஒரே குடும்பம்! நீங்கள் கிராமுக்குக் காசு கொடுத்து வாங்கிக் கலப்பதை எங்கள் குடியிருப்போர் மூட்டை மூட்டையாக இலவசமாகக் கலக்கித் தருகிறார்கள். நிலையம் ஒழுங்காக ஓடினால் பாக்டீரியா இதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். கரண்ட் போய், காற்றூதும் புளோயர் நின்ற நாளில் தின்னாது. அன்றைக்கு உங்கள் பொடி படியாது, மணல் ஃபில்டரிலும் முழுசாக நிற்காது, தண்ணீரோடு சேர்ந்து ஏரிக்கே போகும். கால்சியம் திரட்டப் பார்க்கும், சோப்பு பிரிக்கப் பார்க்கும். எது ஜெயிக்கும் என்பதை எங்கள் தண்ணீரில் போட்டுப் பார்த்தால்தான் சொல்ல முடியும், சமன்பாட்டில் கிடைக்காது.

இதெல்லாம் போக, கழிவுநீரில் ஏற்கெனவே கரைந்து கிடக்கும் பெயரில்லாக் கரிமப் பொருள்கள். சுத்திகரித்த பிறகும் லிட்டருக்குச் சில மில்லிகிராம் இருக்கும். நீங்கள் பிடிக்க நினைக்கும் கார்பமசெபைன், டைக்ளோஃபெனாக் போன்ற மருந்துகளோ மைக்ரோகிராம் கணக்கில்தான் இருக்கும். ஆயிரம் பேர் கூட்டத்தில் ஒருவனுக்குச் சீட்டுப் பிடிக்க வேண்டும். இருக்கிற இடத்தையெல்லாம், மக்கிய பொருள்களிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம் முதலிலேயே பிடித்துக்கொண்டுவிடும். காய்ச்சி வடித்த நீரில் இந்தக் கூட்டமே கிடையாது. அங்கே வந்த கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற எண்ணை வைத்து நாங்கள் எப்படி ஃபில்டர் அளவு போடுவது?

கிராஃபீன் ஆக்சைடு பாக்டீரியாவைக் கொல்லும் என்று சில கட்டுரைகளில் ஒரு கூடுதல் சிறப்பாக எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் ஏரேஷன் டேங்கில் சம்பளம் வாங்காமல் வேலை பார்ப்பதே பாக்டீரியாதான். ஏசிஎஃப்பை, அதாவது ஆக்டிவேட்டட் கார்பன் ஃபில்டரை, தலைகீழாகத் தண்ணீர் விட்டுக் கழுவும் பேக்வாஷ் தண்ணீர் சுற்றிவந்து முதல் தொட்டிக்கே போகிறது. அதோடு உங்கள் பொடியும் போனால், அங்கே என்ன நடக்கும் என்று ஒரு சோதனை செய்துவிட்டு அப்புறம் அதைச் சிறப்பு என்று எழுதுங்கள்.

இப்போது இருக்கிற கரி என்ன லட்சணத்தில் வேலை செய்கிறது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கரி மாற்றும் நாளன்று ஏசிஎஃப்பின் மேல் மூடியைக் கழற்றினால் முதலில் முகத்தில் அடிப்பது அழுகின முட்டை வாடை. மேல் ஓரடி கரி தனித்தனி மணியாக இருக்காது. வழவழவென்று கிருமிப் படலம் பிடித்துக் கட்டி கட்டியாக வரும், மண்வெட்டியால் கொத்தித்தான் எடுக்க வேண்டும். அடியில் கிடப்பது புதுசு மாதிரியே இருக்கும், ஆனால் கரி இன்னும் எவ்வளவு உறிஞ்சும் என்று காட்டும் அயோடின் எண் பார்த்தால் பாதிக்குக் கீழே. வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதைச் சங்கத்தில் பட்ஜெட் இல்லை என்று தள்ளித் தள்ளி, வாடை மேல்மாடிக்கு வந்த பிறகுதான் மாற்றுவார்கள். என்னோடு வேலை செய்யும் அரூர்க்காரத் தம்பி ஒருமுறை மூட்டை கட்டிக்கொண்டே கேட்டான்: "ஏண்ணா, இது இத்தன நாளா தின்னதெல்லாம் இப்ப எங்கண்ணா போவுது?"

ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போகிறது. அங்கிருந்து ஒரு லாரிக்காரர் எடுத்துப் போகிறார். முறைப்படி அதை 800, 900 டிகிரியில் மறுபடி சூடாக்கி உயிர்ப்பிக்கலாம். ஆனால் எங்களைப் போன்றவர்கள் தரும் பத்து இருபது மூட்டைக்கு யாரும் உலை பற்றவைப்பதில்லை.

அந்தத் தம்பியின் கேள்விதான் உங்களிடமும். கிராஃபீன் மாசை அழிப்பதில்லை, பிடித்து வைக்கிறது. எத்தனாலில் கழுவி ஐந்து சுற்று பயன்படுத்தினோம், 90 சதவீதம் குறையவில்லை என்று எழுதுகிறீர்கள். கழுவின எத்தனாலை எங்கே ஊற்றினீர்கள்? கட்டுரையில் அது இல்லை. சாயமும் மருந்தும் சேர்ந்த எத்தனால், இந்த ஊரில் இன்னொரு கழிவு. பொடியைத் தயாரிக்கும் பக்கமும் இப்படித்தான். 1958-ல் ஹம்மர்ஸும் ஆஃப்மனும் தந்த வழியைத்தான் சிறு மாற்றங்களோடு இன்னும் பெரும்பாலோர் பின்பற்றுகிறீர்கள். அடர் கந்தக அமிலம், பொட்டாசியம் பெர்மாங்கனேட், பிறகு அமிலம் போகும்வரை கழுவு கழுவு என்று கழுவுவது. மாங்கனீசும் அமிலமும் கலந்த அந்தக் கழுவுநீரையும் உங்கள் நீர்க்கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டாமா?

கணக்கு என்றதும் இதையும் போட்டுவிடுகிறேன். கட்டுரைகளில் லிட்டருக்கு 1 கிராம் பொடி என்பது சர்வசாதாரணம். எங்கள் நிலையங்களில் ஒன்று ஒரு நாளைக்கு 1 லட்சம் லிட்டர் கையாளுவது. தினமும் 100 கிலோ பொடி! பத்தில் ஒரு பங்கு போதும் என்று வைத்துக்கொள்வோம், 10 கிலோ. கோலார் ஏரிகளை நிரப்ப 2018 முதல் கேசி வேலி திட்டத்தில் இங்கிருந்து சுத்திகரித்த கழிவுநீரை அனுப்புகிறார்களே, அதன் திட்ட அளவு நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர். லிட்டருக்கு 0.1 கிராம் என்றாலும் தினம் 44 டன். பீக்கரில் கலக்கி வடிகட்டும் சோதனைகளை மட்டும் செய்துகொண்டிருந்தால் இந்த எண் உறைக்காது. பொடி நிரப்பிய படுகை வழியாகத் தண்ணீரை ஓடவிட்டு, எத்தனையாவது லிட்டரில் மாசு மறுபக்கம் எட்டிப்பார்க்கிறது என்று போடுங்கள். எங்களுக்கு வேண்டியது அந்த வளைகோடுதான். பக்கத்திலேயே அதே எடைக்குத் தேங்காய்த்தொட்டிக் கரியையும் வைத்து ஓடவிடுங்கள். ஒரு ரூபாய்க்கு எவ்வளவு மாசு என்று ஒரு பத்தி போதும். கிராஃபீன் தோற்றால் தோற்கட்டும், அதற்காக யாரும் உங்களுக்கு நிதி கொடுக்காமல் விட்டுவிட மாட்டார்கள். (விடுவார்களோ? அது உங்கள் துறை, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.)

இவ்வளவு சொன்னதால் நான் கிராஃபீனுக்கு எதிரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என் கண்ணுக்கு அதற்கு இரண்டு நல்ல இடங்கள் தெரிகின்றன. ஒன்று, மணல். சென்னை ஐஐடியில் பிரதீப் குழுவினர் 2012-ல் வெளியிட்ட வேலை உங்களுக்கு நினைவிருக்கும். சாதாரணச் சர்க்கரையை மணலோடு சேர்த்துக் காற்றில்லாமல் சூடாக்கி, மணல்மேலேயே கிராஃபீன் போன்ற படலத்தை உருவாக்கினார்கள். ரோடமைன் 6ஜி சாயத்தையும் குளோர்பைரிஃபாஸ் பூச்சிமருந்தையும் அது பிடித்தது. எனக்கு அதில் பிடித்தது எண்கள் இல்லை, வடிவம். ஹம்மர்ஸ் முறையின் பெர்மாங்கனேட் குளியல் கிடையாது. பொடி தண்ணீரோடு ஓடிப்போகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் ஒவ்வொரு நிலையத்திலும் ஏற்கெனவே ஒரு மணல் ஃபில்டர் நிற்கிறது. புது இயந்திரம் வேண்டாம், உள்ளே இருக்கும் சரக்கை மாற்றினால் போதும். இந்த மாதிரி வேலை ஒன்றை யாராவது கையில் எடுத்தால் என் ஃபில்டர் ஒன்றைச் சோதனைக்குக் கொடுக்கச் சங்கத்திடம் நானே மன்றாடுவேன்.

இன்னொன்று, மாசு பிறக்கும் இடம். பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு சிறு சாயப்பட்டறையிலோ மருந்துப் பட்டறையிலோ வெளியே வரும் தண்ணீர் கொஞ்சம், அதில் இருக்கும் சரக்கு என்ன என்பது பட்டறைக்காரருக்குத் தெரியும், அடர்த்தியும் அதிகம். விலை கூடின பொருளைப் பயன்படுத்தினாலும் அங்கே கட்டும். அது சாக்கடையில் கலந்து விருஷபாவதி ஆற்றில் இறங்கி, கோடிக்கணக்கான லிட்டரோடு கரைந்த பிறகு அதைத் தேடிப் பிடிக்க எந்த நானோப் பொருளாலும் ஆகாது. பெல்லந்தூர் ஏரியைக் கிராஃபீனால் காப்பாற்றலாம் என்று அவ்வப்போது பேட்டிகளில் கேட்கிறபோது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அந்த ஏரி நுரைத்ததும் 2015-லும் 2017-லும் தீப்பிடித்ததும் உலகத்துக்கே தெரியும். அங்கே தேவைப்பட்டது சாக்கடையை மறித்துச் சுத்திகரித்து விடுவதும் அடியில் கிடக்கும் சேற்றை எடுப்பதும். கட்டுமான வேலை. உங்கள் வேலை இல்லை.

உங்கள் வேலை அதற்கு அடுத்த படியில் இருக்கிறது, அது சின்ன விஷயமும் இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நாங்கள் தரும் அறிக்கையில் பிஓடி, சிஓடி (கரிமப் பொருளைச் சிதைக்க எவ்வளவு ஆக்ஸிஜன் வேண்டும் என்ற அளவுகள்), மிதக்கும் திடப்பொருள், பிஎச், கோலிஃபார்ம் கிருமி, இப்படிப்பட்டவைதான் முக்கியம். வலிப்பு மாத்திரையான கார்பமசெபைன் ஏரேஷன் டேங்கில் ஏறக்குறைய அப்படியே நுழைந்து அப்படியே வெளியே வருவது. மைக்ரோகிராம் அளவில் இருக்கும் அதனால் சிஓடி ஒரு புள்ளிகூட அசையாது. அறிக்கையில் எல்லாம் வரம்புக்குள், கையெழுத்து, முத்திரை. தண்ணீர் போகிறது. எங்கே? பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டி ஒசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணைக்கு, அங்கிருந்து தென்பெண்ணையாகக் கிருஷ்ணகிரி, சாத்தனூர், கடலூர். விருஷபாவதி அர்க்காவதியில் சேர்ந்து சங்கமத்தில் காவிரிக்குள் போகிறது. கேசி வேலித் தண்ணீர், பாக்டீரியா வேலையோடு முடியும் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்போடு கோலார் ஏரிகளில் நின்று நிலத்துக்குள் இறங்குகிறது, அதே மண்ணில் போர்வெல் போட்டுக் குடிக்கிறார்கள். மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு வேண்டும் என்று கோலார் மக்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்த மூன்றாம் நிலையில் என்ன பொருளைப் போடுவது என்ற கேள்விக்கு உங்களிடம்தான் பதில் இருக்க முடியும். நீலத் தண்ணீரில் செய்த சோதனையை வைத்து அந்தப் பதிலைச் சொல்லிவிடாதீர்கள்.

சரி, வருகிறவர்களுக்கு நடைமுறை. வழிகாட்டிப் பேராசிரியரின் கையெழுத்தோடு துறைத் தாளில் ஒரு கடிதம் கொண்டுவந்தால் சங்கச் செயலாளரிடம் அனுமதி வாங்கித் தருவது என் பொறுப்பு. அபார்ட்மெண்ட் பெயர் கட்டுரையில் வரக்கூடாது, அந்த ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. திங்கள் காலையிலும் வாரத்தின் நடுவில் ஒரு நாளிலும் எடுங்கள், இரண்டும் ஒரே தண்ணீராக இருக்காது. கிளாரிஃபையர் (சேறு படியும் தொட்டி) வழிவு, ஏசிஎஃப்புக்கு முன், ஏசிஎஃப்புக்குப் பின் என்று மூன்று இடத்தில் குழாய் இருக்கிறது. பிளாஸ்டிக் கேன் வேண்டாம், மருந்து மூலக்கூறுகள் சுவரில் ஒட்டிக்கொள்ளும், பிளாஸ்டிக்கும் தன் பங்குக்கு எதையாவது விடும். பழுப்புக் கண்ணாடிப் புட்டி கொண்டுவாருங்கள். குழாயை இரண்டு நிமிடம் திறந்து ஓடவிட்டு, விளிம்புவரை நிரப்பி மூடி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். வர்த்தூரிலிருந்து யஷ்வந்த்பூர்ப் பக்கத்து ஆய்வுக்கூடங்களுக்குப் போக இந்த ஊர் டிராஃபிக்கில் இரண்டு மணி நேரம் ஆகும், ஐஸ் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய கரி ஒரு மூட்டை வேண்டுமென்றாலும் தருகிறேன், ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் இன்னும் கிடக்கிறது.

இப்படிக்கு,
எஸ்டிபி மேற்பார்வையாளர் ஒருவன்,
வர்த்தூர், பெங்களூர்